கோழி சம்பந்தி பேசின சீனம்

ஜூலை 9, ஞாயிறு

மூஞ்சி ஒரே மாதிரி இருந்தா வாயும் ஒரே மாதிரி இருக்கணும்னு எந்தக் கிறுக்கன் சொன்னான் ஆ லோக்? நீதான் சொன்ன. ஈப்போவுல உன் கோப்பிக் கடையில, என் மருமகனோட குடும்பப் படத்தைக் கையில வச்சுக்கிட்டு, "கண்ணைப் பாரு, கன்னத்தைப் பாரு, இவங்க எங்க ஆளுங்கடா முத்து, பாஷையும் சீனம் மாதிரிதான் இருக்கும்"னு மேசையில தட்டின. நான் இல்லைன்னேன். நீ கத்தின. நான் அதுக்கு மேல கத்தினேன். ஏர்போட் டாக்சிக்காரன் ஹார்ன் அடிச்சதால நீ தப்பிச்ச.

இப்ப மலேசியாவ விட்டுப் பெரு தேசத்துக்கு வந்துட்டேன். காதால கேட்டுட்டேன். பதில் சொல்றேன், வாங்கிக்க. நீ சொன்னது தப்பு. நூத்துக்கு நூறு தப்பு.

இந்த நோட்டு என் மக செண்பகம் குடுத்தது. மலை மேல போன் லைன் கிடையாது, கீழ இறங்கினாத்தான், அதனால உன்கூடப் போடுற சண்டையை இதுல போடுறேன். உனக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அம்பது வருசம் என்கூடப் பழகி "வாடா, போடா" மட்டும் கத்துக்கிட்ட. அதுவும் வசதிதான், என்ன வேணா எழுதலாம். நானும் தோட்டத்து ஸ்கூல்ல நாலாம் வகுப்போட நின்னவன். தப்பு இருந்தா நீயா வந்து கோடு போடப்போற?

ஜூலை 10, திங்கள்

மூச்சு வாங்குது. கக்கூஸுக்குப் போய்ட்டு வந்தா பத்துமலைப் படி ஏறி இறங்கின மாதிரி இருக்கு. மீதி நாளைக்கு.

ஜூலை 12, புதன்

நாளைக்குன்னு சொல்லி ரெண்டு நாள் படுத்துட்டேன். இங்க ஒரு இலை குடுக்கிறாங்க, கோக்கா இலைன்னு பேரு. கன்னத்துல அதக்கிக்கிட்டு, சாம்பல் உருண்டையக் கொஞ்சம் கடிச்சுக்கணும். நாம வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுறோம்ல, அதே கணக்குதான். தலைச்சுத்து நின்னுடுச்சு. வாய்க்கொழுப்பும் திரும்பி வந்துடுச்சு.

சம்பந்தியப் பத்திச் சொல்றேன். மருமகன் வில்பரோட அப்பா. பேரு மெலித்தோன் வால்பா. என்னவிட ரெண்டு வயசு மூப்பு, எழுபத்தாறு. குட்டை. காதை மூடுற கம்பளித் தொப்பி. பொண்டாட்டி இல்ல, என்ன மாதிரியே. வால்பான்னா இவங்க பாஷையில கோழின்னு செண்பகம் வாய் தவறிச் சொல்லிட்டா. எனக்கு அது போதாதா? காலையில அவர் முற்றத்துக்கு வந்ததும் "கொக்கரக்கோ"ன்னேன். மனுஷன் சிரிக்கவே இல்ல. கோவிச்சுக்கிட்டார்னு நெனைச்சேன். மத்தியானம் சாப்பிட உக்காந்தா, அவர் மெதுவா எந்திரிச்சு என் பின்னால வந்து, குந்தி உக்காந்து, முக்கி, ஒரு அவிச்ச முட்டைய எடுத்து என் தட்டுல வச்சுட்டு இடுப்பத் தடவிக்கிட்டே போனார். வீடே சிரிச்சுது. ஆ லோக், எனக்குச் சரியான ஜோடி கிடைச்சிருக்குடா.

இவங்க பாஷை பேரு கெச்சுவா. கேட்டுக்க. உன் சீனம் முட்டைக் கூடை மாதிரி. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, குரல் கொஞ்சம் ஏறி இறங்கினா வேற முட்டை. கெச்சுவா அப்படி இல்ல, கூட்ஸ் ரயில் மாதிரி. "வாசி"ன்னா வீடு. அதுக்குப் பின்னால ஒரு பெட்டி மாட்டினா என் வீடு, இன்னொண்ணு மாட்டினா என் வீடுங்க, இன்னொண்ணு மாட்டினா என் வீடுங்கள்ல. நம்ம தமிழ் மாதிரியே! இஞ்சின் முன்னால, பெட்டி பின்னால. செய்ற வேலையக் கடைசியில சொல்றதும் நம்மள மாதிரியே. மூஞ்சி உன்னுது, வாய் என்னுது. இப்ப என்னடா சொல்ற?

நான் வந்த வேலை அது இல்ல. உனக்குப் படிக்கத் தெரியாதுங்கிற தைரியத்துல எழுதுறேன்.

நாலு வருசத்துக்கு முன்னால செண்பகம் போன் பண்ணி, உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக்குப் போன எடத்துல இந்த வில்பரக் கட்டிக்கப் போறேன்னா. அவன் கிழங்கு போடுறவன், இவ கிழங்கைப் படிக்கிறவ. நான் போனை வச்சுட்டேன். அதை விடு. அப்புறம் ஒண்ணரை வருசத்துல புள்ள ஏழாம் மாசமே குறையாப் பொறந்துச்சு, உன் மக போனுக்குத்தான் படம் வந்துச்சு. ஒரு கை அகலம். மூக்குல குழாய். அன்னிக்கு எங்கடா போனன்னு நீ கேட்டப்ப, லோரிக்கு டயர் மாத்தப் போனேன்னு சொன்னேன்ல? டயர் மாத்தல. கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போனேன். "முருகா, இது பொழைச்சா, இதோட முதல் முடி உனக்கு"ன்னுட்டு வந்தேன்.

பொழைச்சிடுச்சு. ரெண்டரை வயசு. செண்பகம் நிலான்னு கூப்பிடுறா, இவங்க கில்யாங்கிறாங்க, அதுவும் நிலாதானாம். ரெண்டு பேருக்கும் திரும்பிப் பாக்குது. இன்னும் ஒரு முடி வெட்டல. தோள் தாண்டித் தொங்குது.

அந்த முடிக்குத்தான் வந்திருக்கேன். செண்பகத்துக்குத் தெரியாது. வர்றேன்னு சொன்னேன், "வாங்க"ன்னா. ஒரே வார்த்தை. அதுலேர்ந்து நாங்க பேசுறது எல்லாம் சாப்பாடு, குளிர், கம்பளி. நாலு வருசம் போனை வச்ச வாயால, புள்ளையோட முடியக் குடுன்னு எப்படிக் கேக்குறது?

ஜூலை 14, வெள்ளி

ஆ லோக், ஆ லோக், ஆ லோக்! நாற்காலியக் கெட்டியாப் பிடிச்சுக்க.

காலையில சம்பந்தியோட கீழ பசாருக்குப் போனேன். ரெண்டு பேருக்கும் பாஷை இல்ல, கை ஜாடைதான். ஒரு பொம்பள இஞ்சி வித்துக்கிட்டு இருந்தா. இஞ்சியத் தூக்கிக் காட்டி "கியோன், கியோன்"னு கூவுறா. நான் அப்படியே நின்னுட்டேன். இஞ்சிக்கு நீ என்ன சொல்லுவ? "கேங்". ஏறக்குறைய அதேதான்! பக்கத்துல கறுப்புப் போத்தல். மோந்து பாத்தா சோயா சாறு. பேரு என்னன்னு ஜாடையில கேட்டா "சியாவ்"ங்கிறா. உன் "சி யௌ"!

நான் நடுவழியில வாயப் பொளந்து நிக்க, பின்னால மூட்டையோட வந்த மெலித்தோன் கத்தினார் பாரு: "ஃபாய் தி! ஃபாய் தி!"

சீக்கிரம், சீக்கிரம்! உன் அப்பா சமையக்கட்டுல கத்துவாரே, அதே கத்து!

நான் திரும்பி, உன் கடையில கத்துக்கிட்ட சீனத்துல, "சிக் சோ ஃபான் மேய் ஆ?"ன்னு கேட்டேன். சாப்பிட்டாச்சான்னு. மூட்டையப் போட்டுட்டார். "சிக் சோ!"ன்னார். அப்புறம் ரெண்டு பேரும் பசார் நடுவுல ஒருத்தர் தோள ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, சட்டி, நெருப்பு, முட்டை, கோழி, தண்ணி, தவுக்கே, கழுதைன்னு தெரிஞ்ச சீனம் அத்தனையும் கத்தினோம். கூட்டம் கூடிடுச்சு.

விஷயம் இதுதான், செண்பகம்தான் சொன்னா. சம்பந்தி பதினேழு வயசுல லிமா பட்டணத்துக்கு ஓடிப்போய் ஒரு சீனன் சாப்பாட்டுக் கடையில பதினோரு வருசம் வேலை. முதல்ல தட்டுக் கழுவி, அப்புறம் சட்டி பிடிச்சவர். கடைக்கு முதலாளியான தவுக்கே உங்க கேண்டனீஸ்காரன். பாஷையெல்லாம் அடுப்பு மேலயே கத்துக்கிட்டது. ஊருக்கு வந்து நாப்பத்தெட்டு வருசம் ஆச்சு, பேச ஆள் இல்லாம வாயிலயே ஊறப்போட்டு வச்சிருந்திருக்கார்.

ஆனா அவர் சீனத்துல ராகம் இல்லடா. ஏத்தம் இறக்கம் ஒண்ணும் கிடையாது, ரோட் ரோலர் ஓட்டின மாதிரி ஒரே மட்டம். நீ கேட்டா நெஞ்சைப் பிடிச்சுப்ப.

ஜூலை 15, சனி

நேத்தெல்லாம் சிரிச்சு விலா வலி. சம்பந்திக்கும் வலியாம். செண்பகம் ரெண்டு பேருக்கும் ஒரே தைலத்தத் தேச்சுவிட்டா. "கொழந்தைங்க ரெண்டும் விளையாடி விழுந்துடுச்சா?"ன்னா. அவ சிரிச்சு நான் பாத்து எத்தனை நாள்.

ஜூலை 18, செவ்வாய்

இன்னிக்கு உன்ன ஒரு எடத்துல ஜெயிச்சேன், ஒரு எடத்துல தோத்தேன். ரெண்டையும் எழுதுறேன், நான் நியாயஸ்தன்.

ஜெயிச்சது: கெச்சுவாவுல நாம, நாங்க ரெண்டும் தனித்தனி. "நொகாஞ்சிஸ்"னா நாம, நீயும் சேத்தி. "நொகாய்க்கு"ன்னா நாங்க மட்டும், நீ வெளிய. தமிழ்ல இருக்கு, உன் சீனத்துல எங்கடா? எல்லாத்துக்கும் ஒரே "ங்கோ தேய்". கல்யாணப் பத்திரிகை வந்தா சாப்பாடு எனக்கும் உண்டா இல்லையான்னே தெரியாது. காதால கேட்ட சேதின்னா அதுக்கும் இவங்க ஒரு வாலு வச்சிருக்காங்க. நாம வந்தானாம், போனானாம்னு "ஆம்" போடுறோம்ல, அதேதான். உனக்கு? "தெங் கோங்", கேட்டேன் சொன்னாங்கன்னு தனியா ரெண்டு முட்டைய எடுத்து வைக்கணும்.

தோத்தது: அஞ்சு நாளா கெச்சுவா பேசிப் பாக்குறேன். வீட்டுக்குப் போறேன்னு சொல்லணும்னு பெட்டிய மாத்தி மாட்டிட்டேன், வில்பரோட தங்கச்சி விழுந்து விழுந்து சிரிச்சா. ஒரு பெட்டி தப்பினா ரயிலே கவுந்துடுது. உன் சீனம் அப்படி இல்லடா. அரைகுறையாப் பேசினாலும் நடக்கும். மூணு வார்த்தைய அம்மணமாப் பக்கத்துப் பக்கத்துல நிறுத்தினாப் போதும்.

அப்படித்தான் இன்னிக்கு நிறுத்தினேன்.

சாயங்காலம் ரெண்டு பேரும் வெயில்ல உக்காந்திருந்தோம். நிலா அவர் தொப்பியப் பிடுங்கிப் போட்டுக்கிட்டு ஆடுது. அவர் என்னையே பாத்துக்கிட்டு இருந்து, புள்ளைய நீ ஏன் அப்படிப் பாக்குறன்னு கேட்டார். அதாவது "நீ, பாரு, என்னா?" அவ்வளவுதான் அவர் சீனம். தமிழ்ல கேட்டிருந்தா மழுப்பியிருப்பேன். மழுப்புற அளவுக்கு எனக்குச் சீனம் போதாது. "தௌ ஃபாட்"னேன். முடி. "பாய் சான்"னேன். சாமி கும்புடுறது. "ங்கோ"ன்னு நெஞ்சைத் தொட்டேன். அப்புறம் கையால ஒரு கை அகலம் காட்டி, மூக்குல குழாய் காட்டினேன்.

அவர் திரும்பி நிலாவைப் பாத்தார். "உன் மக தெரியும்?"னார். தெரியாதுன்னேன். "பயம்?"னார். நான் எதுக்குப் பயப்படணும்? கண்ணுல தூசி விழுந்துடுச்சுன்னேன். மலைக்காத்து, தூசி ஜாஸ்தி.

வந்த அன்னிக்குக் கிழங்கு வயலக் காட்டி "நொகாய்க்கு"ன்னவர், இன்னிக்கு எந்திரிச்சுப் போகும்போது அதே வயலக் காட்டி "நொகாஞ்சிஸ்"னுட்டுப் போனார்.

ஜூலை 20, வியாழன்

ஆபத்து. ஞாயித்துக்கெழம நிலாவுக்கு முடி வெட்டுறாங்களாம்! இவங்க வழக்கமாம், "சுக்சா ருத்துய்"னு பேரு. புள்ளைக்கு முதல் தடவை முடி எடுக்குறது ஊர் கூடிச் செய்ற விசேஷம். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கொத்தா வெட்டுவாங்களாம்.

"முதல்ல யாரு வெட்டுறது?"ன்னு நேத்து ராத்திரிச் சாப்பாட்டுல கேட்டேன்.

"ஸ்கூல் வாத்தியார் எலியோதோரோ"ன்னா செண்பகம்.

"அவரு யாரு? நம்ம வழக்கத்துல தாய்மாமன்தான் முதல்ல. உனக்கு அண்ணன் தம்பி இல்ல. அப்ப..."

"அப்ப?"

"ஒண்ணுமில்ல. சூப்புல உப்புக் கம்மி."

முருகன்கிட்ட சொன்ன முதல் முடிய ஒரு வாத்தியார் வெட்டறதா? ராவெல்லாம் யோசிச்சு, விடியக்காலையில சவரக் கத்திய எடுத்துக்கிட்டு நிலாகிட்டப் போயிட்டேன். பத்து நிமிசம் போதும், மொட்டை. அது எந்திரிச்சு உக்காந்து என் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு "தாத்தா கொக்கரக்கோ"ங்குது. கை வரல. அதுக்குள்ள செண்பகம் வந்து நிக்கிறா.

"கையில என்னப்பா?"

"கத்தி. தாடி எடுக்க."

"உங்களுக்கு ஏது தாடி?"

"வளந்தா எடுக்கலாம்னு."

கத்திய வாங்கித் தொடைச்சு, அலமாரி மேல வச்சுட்டுப் போயிட்டா.

ஜூலை 22, சனி

வில்பரோட அத்தை ஒருத்தி கம்பளி நூலால என் தோளை அளந்தா. கையை அளந்தா. "பொட்டி செய்யவா? இன்னும் சாகல"ன்னு தமிழ்ல சொன்னேன். தலைய ஆட்டிட்டுப் போனா. சம்பந்திய ரெண்டு நாளா ஆளையே காணோம். வாத்தியார் வீட்டுப் பக்கம் போறார், வர்றார். என்ன பாத்தா வானத்தைப் பாக்குறார்.

நாளைக்கு நான் ஒரு முடிவோட இருக்கேன். எவன் என்ன சொன்னாலும் முதல் கத்தரி என்னுது. சண்டை வந்தா வரட்டும்.

ஜூலை 23, ஞாயிறு

முதல்லேர்ந்து ஒழுங்கா எழுதுறேன்.

முற்றத்துல ஊரே உக்காந்திருந்துச்சு. நிலா முடியச் சின்னச் சின்ன ஜடையாப் பின்னி, ஒவ்வொண்ணுலயும் கலர் நூல் கட்டி, வில்பர் மடியில உக்கார வச்சிருந்தாங்க. பக்கத்துல ஒரு தட்டு, அதுல பூவும் கோக்கா இலையும். கத்தரிக்கோலுக்கு ரிப்பன். வந்தவங்க ஆளுக்கு ஒண்ணு கொண்டுவந்தாங்க, ஆட்டுக்குட்டி, கோழி, கம்பளி. வாத்தியார் மட்டும் வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தார். முதல் மரியாதை வாங்குற ஆளு, இவ்வளவு கஞ்சத்தனமா!

மெலித்தோன் கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு வாத்தியார்கிட்டப் போனார். வாத்தியாருக்கு அந்த நேரம் பாத்து இருமல். இருமுறார், இருமுறார், கைக்குட்டையத் தேடுறார், மூக்குக் கண்ணாடியத் தேடுறார். கண்ணாடி மூக்கு மேலதான் இருக்கு. எனக்குள்ள முருகன் "போடா"ங்கிறார். நான் முன்னால போய் நின்னுட்டேன். மெலித்தோன் திரும்பினார். கத்தரிக்கோலை என் கையில திணிச்சு, மூஞ்சியக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டு, ராகம் இல்லாத சீனத்துல கத்தினார்:

"ஃபாய் தி!"

வெட்டிட்டேன். நெத்திக்கு மேல, முதல் ஜடை.

நான் கண்ண மூடிக்கிட்டு அடி விழும்னு நின்னேன். பாத்தா ஒருத்தன் அக்கார்டியன் வாசிக்கிறான், பொம்பளைங்க காகிதப் பூவைத் தலையில கொட்டுறாங்க. அந்த அத்தை வந்து எனக்கு ஒரு சிவப்புக் கம்பளி அங்கி போட்டுவிட்டா. தோளு, கையி எல்லாம் அளவெடுத்த மாதிரி. வாத்தியாருக்குன்னு தைச்சது, அவர் ரொம்பக் குட்டையாப் போயிட்டார் போல, என் அதிர்ஷ்டம்.

அப்புறம்தான் செண்பகம் விளக்கினா. இங்க முதல் கொத்தை வெட்டுறவர் அந்தப் புள்ளைக்கு ஞானத்தகப்பன். புள்ளையோட அப்பா அம்மாவுக்குக் "கொம்பாத்ரே". கூடப்பொறந்தவங்களவிடப் பெரிய உறவாம். பொதுவா வெளி ஆளைத்தான் வைப்பாங்களாம், சொந்தத்துக்குள்ள இருக்கிற உறவு போதாதா, எதுக்கு ரெண்டாவது முடிச்சுன்னு. தெரியாம நான் கத்தரியப் போட்டு அந்த முடிச்சைப் போட்டுட்டேன். வெட்டின முடிய ஒட்டவைக்க முடியாதுன்னு மெலித்தோன் தீர்ப்புச் சொல்லிட்டார். வாத்தியாருக்கு இருமல் சுத்தமா நின்னு, முதல் ஆளாக் கை தட்டினார். நல்ல மனுஷன்.

"கொம்பாத்ரேன்னா என்னென்ன செய்யணும்?"ன்னு கேட்டேன்.

"செய்யக்கூடாததுதான் ஜாஸ்தி"ன்னா. "சாகுற வரைக்கும் சண்டை போடக்கூடாது. மூஞ்சியத் திருப்பக்கூடாது. கூப்பிட்டா வரணும்." அப்புறம், "போனை வைக்கக்கூடாது"ன்னா.

"அந்தக் காலத்துலயே போன் இருந்துச்சா இங்க?"

"இப்ப சேத்தது, கொம்பாத்ரே."

ஞானத்தகப்பன் புள்ளைக்கு எதாவது குடுக்கணுமாம், மாடோ ஆடோ. என்கிட்ட ஏது மாடு? காலுறைக்குள்ள ஒளிச்சுக் கொண்டுவந்ததை எடுத்தேன். செண்பகத்தோட அம்மா போட்டிருந்த சிவப்புக்கல் தோடு. நிலா காது குத்துக்குக் குடுக்கலாம்னு. செண்பகம் அதைப் பாத்தா. வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அவ கண்ணுலயும் தூசி.

மீதி முடிய ஊரே வெட்டி, புள்ளத் தலைய எலி கடிச்ச தேங்கா மாதிரி ஆக்கிட்டாங்க.

ஜூலை 24, திங்கள்

காலையில செண்பகம் அலமாரி மேலேர்ந்து சவரக் கத்திய எடுத்துக் குடுத்தா. "மீதியை நீங்களே எடுங்க. தாடி வளர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கு?"

வில்பர் மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டான். வழவழன்னு மொட்டை. சந்தனம் இல்ல, மெலித்தோன் மக்காச்சோள மாவைக் குழைச்சுப் பூசிவிட்டார். நிலா கண்ணாடியில பாத்துட்டுத் தன்னையே "தாத்தா"ன்னு கூப்பிட்டுது.

செண்பகம் ரெண்டு பையைக் கொண்டுவந்தா. முடிய ரெண்டாப் பிரிச்சிருந்தா. முதல் ஜடை ஒரு பையில. "இது கல்லுமலைக்கு. இது இங்கயே, இவங்க மலைக்கு. இவங்களுக்கும் மலைதான் சாமி."

நான் மெலித்தோனைப் பாத்தேன். அவர் வானத்தைப் பாத்தார். கோழி கூவிடுச்சு, வேற என்ன? கூவாத கோழி ஊர்ல உண்டா?

"முதல் முடின்னா முழுசும் முருகனுக்குத்தான்மா"ன்னேன்.

"அவர் கோவிச்சுக்க மாட்டாரு. கோவிச்சுக்கிட்டு மலை ஏறினா எப்படி இருக்கும்னு அவருக்கே தெரியும்"னா.

ஆ லோக், இந்தப் பொண்ணுக்கு இந்த வாய் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீ கேப்ப. கேக்காத.

நீ ஒண்ணு நெனைப்ப, இதெல்லாம் அவங்க எல்லாம் சேந்து செஞ்ச ஏற்பாடுன்னு. சும்மா இரு. தற்செயல். என்ன ஏமாத்த இன்னும் ஆள் பொறக்கல.

ஜூலை 26, புதன்

ராத்திரி உறைபனி. காலையில எல்லாரும் வயலுக்குப் போனோம். கிழங்கைத் தரையில பரப்பி ராத்திரிப் பனியில உறையவிட்டு, விடிஞ்சதும் வெறுங்காலால மிதிச்சுத் தண்ணிய எடுத்து வெயில்ல காயவைக்கிறாங்க. வருசக்கணக்கா கெடாதாம். நம்ம வத்தல் மாதிரி, ஆனா மிதிச்ச வத்தல். கால் ஐஸாப் போச்சு. நிலா கம்பளித் தொப்பிக்குள்ள மொட்டைய ஒளிச்சுக்கிட்டு ஒவ்வொரு கிழங்காத் தேடி மிதிக்குது. மெலித்தோன் தூரத்துலேர்ந்து எனக்கு "ஃபாய் தி" போடுறார். நானும் திருப்பிப் போட்டேன். மலை முழுக்கச் சீனம்.

செண்பகமும் நானும் ஒரே வரிசையில மிதிச்சுக்கிட்டு இருந்தோம். யாரும் பக்கத்துல இல்ல. சரி, இப்ப சொல்லிடலாம்னு தோணிச்சு. சீனத்துல யோசிச்சேன், மூணு வார்த்தை போதும். ஆனா இவகிட்டத் தமிழ்லதானே சொல்லணும். வாலெல்லாம் வச்சு, முழுசா.

"செண்பகம்"னேன்.

"ம்."

"உன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும். நீ ரெண்டு தடவ போன் பண்ண, நான் எடுத்துட்டு ஒண்ணும் பேசாம..."

"கொம்பாத்ரே, அந்தக் கிழங்கு ஏற்கெனவே மிதிச்சாச்சு"ன்னா.

"இல்லம்மா, அதைச் சொல்லல. அன்னிக்கு நான் ஏன்னா..."

அவ கூடையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. என் அங்கி முடிச்சை ஒரு இழுப்பு இழுத்துச் சரி பண்ணிட்டு, நிலா கையப் பிடிச்சுக்கிட்டு, அடுத்த வரிசைக்குப் போயிட்டே இருக்கா. திரும்பிக்கூடப் பாக்கல. பாடிக்கிட்டு வேற போறா.

நான் ஒரு காலைத் தூக்கினபடியே நிக்கிறேன், வாயில பாதிப் பேச்சோட: "அன்னிக்கு நான் ஏன்னா, நீ அவ்வளவு தூரம் போயிட்டா, அப்புறம் எனக்கு அங்க யாரு..."